செவலைக்கு டியூபா, வற்ற வைப்பதா, சந்தையா?

ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் விஷயம் இரண்டே வரிதான். பின்வலது காம்பில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற மடிநோய்க் கிருமி. மற்ற மூன்று காம்பிலும் ஒன்றும் வளரவில்லை. கீழே மருந்துப் பட்டியல்: பெனிசிலினுக்கு நேரே ‘கேட்காது’, க்ளாக்சாசிலினுக்கு நேரே ‘கேட்கும்’.

மாடு எங்கள் செவலை. ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, ஐந்து மாதச் சினை, இரண்டு வேளையும் சேர்த்து எட்டு லிட்டர். இந்தக் கறவையில் மூன்று தடவை அதே காம்பு வீங்கிப் பால் திரிதிரியாக வந்தது. மூன்று தடவையும் மூன்று நாள் ஊசியில் தெளிந்துவிட்டது. கடைசியாகத் தெளிந்த பிறகுதான் சந்தேகம் வந்து பாலைச் சோதனைக்கு அனுப்பினேன். ஆக, கண்ணுக்கு நல்ல பாலாகத் தெரிந்ததில்தான் கிருமி இருந்திருக்கிறது.

தாளைப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். ‘இன்னொரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாம்’ என்றார் ஒருவர். ‘இப்பவே பாலை மறக்க வை, கறக்காம வற்ற விடு’ என்றார் இன்னொருவர். ‘அந்த ஒரு காம்பை விட்டுடு, மூணு காம்பு போதும்’ என்பது பக்கத்துத் தோட்டத்துக்காரர் யோசனை. கற்றாழை மஞ்சள் பூசச் சொன்னவர்கள் மூன்று பேர். தரகர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதுவும் ஒரு யோசனைதான்.

ஒரு வாரம் எல்லாவற்றையும் விசாரித்து, படித்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த மருந்து என்று கேட்பதற்கு முன் எந்த மாடு என்று கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கிடைத்தது. ஒரே கிருமிதான், ஆனால் தலையீத்து மாட்டுக்கு ஒரு முடிவு, ஆறாம் ஈத்து மாட்டுக்கு வேறு முடிவு.

முதலில், எந்த ஸ்டெஃப்?

‘ஸ்டெஃப்’ என்று மட்டும் சொன்னால் பாதி செய்திதான். 1880களின் தொடக்கத்தில் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருந்ததால் கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு பெயர் வைத்தார். 1884இல் ரோசன்பாக் அதில் பொன்னிறத்தில் வளர்வதைப் பிரித்து ‘ஆரியஸ்’ என்றார். நம் மடியில் பெருந்தொல்லை தருவது இந்தப் பொன்னிறத்துக்காரன்தான்.

ஆரியஸ் அல்லாத ஸ்டெஃப்கள் ஏராளம். காம்புத் தோலிலேயே குடியிருப்பவை. தலையீத்துக் கிடேரிகளின் மடியில் இவை அடிக்கடி அகப்படும். பெரும்பாலும் லேசான தொந்தரவோடு நின்றுவிடும், நிறைய நேரம் தானாகவே போய்விடும். இதற்குப் போய் மாட்டை விற்றால் நஷ்டம் நமக்குத்தான். எனவே தாளில் ‘கோயேகுலேஸ் பாசிடிவ்’ (ஆரியஸை அடையாளம் காட்டும் சோதனை முடிவு) என்றோ ‘ஆரியஸ்’ என்றோ தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரியஸ் தினமும் பாலில் வருவதில்லை. ஒரு நாள் கொட்டும், ஒரு நாள் ஒன்றுமே இருக்காது. ஒரே ஒரு மாதிரியில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தால் அதை நம்பிக் கொண்டாட வேண்டாம். சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. மாதிரி எடுக்கும்போது காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சைக் கீழே விட்டு, ஆய்வகம் கொடுத்த பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். வீட்டு மருந்து பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துப் போனால் கொட்டகையில் உள்ள எல்லாக் கிருமியும் தாளில் வந்து நிற்கும்.

இது ஏன் இவ்வளவு பிடிவாதம்? மடியின் திசுவுக்குள் புகுந்து சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளாக உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு அதைச் சுற்றி நார்ச்சதையால் சுவர் எழுப்புகிறது. கிருமியை அடைத்துவைக்க எழுந்த அந்தச் சுவரே மருந்தையும் உள்ளே விடுவதில்லை. கிருமியைத் தின்ன வரும் வெள்ளணுக்களுக்குள்ளேயே சில உயிரோடு ஒளிந்துகொள்ளும். ஆய்வகத் தட்டில் ‘கேட்கும்’ என்று வந்த மருந்து மடியில் கேட்காமல் போவது இதனால்தான். நாள்பட்ட காம்பை அழுத்திப் பார்த்தால் உள்ளே கல் கல்லாகத் தட்டுப்படும். அது பழைய சண்டைகளின் தழும்பு.

கறவையிலேயே மருந்து

பால் கறந்துகொண்டிருக்கும்போதே காம்புத் துளை வழியே மருந்து செலுத்தும் டியூப், கூடவே ஊசி. நம் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் எடுக்கும் வழி இது. இதில் குணமாகும் விகிதம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே என்பதிலிருந்து பாதிக்கு மேல் என்பது வரை தாறுமாறாகக் கிடக்கிறது. ஆனால் அந்தத் தாறுமாறுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இளம் மாடு, புதிதாகத் தொற்றியது, ஒரே ஒரு காம்பு, அதுவும் முன்காம்பு, பெனிசிலினுக்குக் கேட்கும் வகை: இவையெல்லாம் சேர்ந்தால் குணமாக நல்ல வாய்ப்பு. வயதான மாடு, இரண்டு மூன்று காம்பு, பின்மடி, மாதக்கணக்கில் இழுத்தது, பெனிசிலினை முறிக்கும் வகை என்றால் பணத்தைச் சாணிக்குழியில் போடுவதற்குச் சமம்.

மருந்தின் விலை உயர்ந்ததா என்பதைவிட எத்தனை நாள் போடுகிறோம் என்பது முக்கியம். ஆரியஸுக்கு மூன்று நாள் போதாது. ஐந்து முதல் எட்டு நாள் வரை நீட்டினால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. நாம் செய்வதோ நேர்மாறு. இரண்டாம் நாள் திரி நின்றதும் மூன்றாம் நாளோடு மருந்தையும் நிறுத்திவிடுகிறோம். செவலைக்கு மூன்று தடவை நடந்தது அதுதான், ‘பால் தெளிஞ்சாச்சே, இன்னும் எதுக்கு’ என்று நிறுத்தச் சொன்னவனும் நான்தான். திரி நிற்பதும் வீக்கம் வடிவதும் மாட்டின் உடம்பு அந்தச் சண்டையில் ஒரு சுற்றை முடித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். கிருமி போயிற்றா என்பது மருந்து முடிந்து சில வாரம் கழித்து மறுபடி எடுக்கும் மாதிரியில்தான் தெரியும்.

செலவைப் பார்ப்போம். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் மருந்து, அப்புறம் நான்கு நாள் காத்திருப்பு, ஆக ஒன்பது நாளில் 72 லிட்டர், 2,520 ரூபாய். மருந்தும் டாக்டர் செலவும் தனி. ஒரு காம்பில்தான் டியூப் போட்டோம், மற்ற மூன்றின் பாலை ஊற்றலாமே என்று கணக்குப் பார்க்காதீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்து எல்லாக் காம்புக்கும் வரும். எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்பது டியூப் அட்டையில் இருக்கும். அப்படிக் குறிப்பிடாத மருந்தென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012இல் மருந்து விதிகளில் திருத்தம் வந்திருக்கிறது. அந்தப் பாலை உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. உறை மோரில் இருக்கும் நல்ல கிருமியையும் மருந்து விடாது அல்லவா.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மருந்தை அரைகுறையாகப் போட்டுப் போட்டு, எதற்கும் அடங்காத ஸ்டெஃபை நாமே வளர்க்கிறோம். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காத ஆரியஸ் விலங்குகளில் முதன்முதலில் பதிவானது 1972இல், பெல்ஜியத்தில், மடிநோய் கண்ட மாடுகளின் பாலில்தான்.

வற்றும்போது மருந்து

கடைசிக் கறவை முடிந்ததும் நான்கு காம்பிலும் நீண்ட நாள் நிற்கும் டியூப் போட்டு அப்படியே விட்டுவிடுவது. ‘டிரை கௌ டியூப்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். பால் கறக்காததால் மருந்து வெளியே போகாது, வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். கொட்டும் பால் நஷ்டமும் இல்லை. வீக்கம் எதுவும் இல்லாமல் உள்ளே மட்டும் தொற்று இருக்கும் மாட்டுக்குக் கறவை மருந்தைவிட இதில் குணமாகும் வாய்ப்பு அதிகம். 1960களில் இங்கிலாந்தில் மடிநோய்க்கு வகுத்த ஐந்து அம்சத் திட்டத்தில் இதுவும் ஒன்று.

இரண்டு கண்டிப்பு உண்டு. கன்று ஈன ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கும்போது போட வேண்டும். தாமதமாகப் போட்டால் ஈன்ற பிறகும் பாலில் மருந்து வரும். அடுத்து சுத்தம். காம்பு நுனியைத் துடைக்காமல் டியூபைச் செருகினால் வெளியிலிருக்கும் அழுக்கை நாமே உள்ளே அனுப்பி அறுபது நாள் பூட்டிவைத்த மாதிரி ஆகும். முதலில் தூரத்துக் காம்புகளைத் துடைத்து அப்புறம் பக்கத்துக் காம்புகள். டியூப் போடும்போது பக்கத்துக் காம்பிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. குழாயின் நுனி மட்டும் உள்ளே போனால் போதும், முழு நீளத்தையும் செருக வேண்டியதில்லை.

செவலையை இப்போதே வற்ற வைத்திருந்தால்? இன்னும் 60 நாள் கறக்கலாம். குறைந்துகொண்டே வரும் பால் என்பதால் சராசரி ஆறு லிட்டர் போட்டாலும் 360 லிட்டர், 12,600 ரூபாய். தவிடு புண்ணாக்கு மிச்சத்தைக் கழித்தாலும் பெரிய தொகைதான். மேலும், நான்கு மாதம் சும்மா நின்று தின்றால் மாடு கொழுத்துப்போகும். கொழுத்த மாடு ஈனும்போது தரும் தொல்லை தனிக் கதை. நான்கு காம்பும் கெட்டு எட்டு லிட்டர் மூன்று லிட்டராகிவிட்ட மாடாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அப்போது சீக்கிரம் வற்ற வைப்பதே சரி.

மற்ற மூன்று வழிகள்

ஒரு காம்பை அடைப்பது. கேட்கக் கொடுமையாகத் தெரியும், கணக்கு அவ்வளவு கொடுமை இல்லை. பசுவின் பாலில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்மடியில் வருகிறது, ஆக ஒரு பின்காம்பு என்றால் 30 சதவீதம். ஆனால் நோய்ப்பட்ட காம்பு ஏற்கெனவே பாதி செத்ததுதான். செவலையின் பின்வலது காம்பைத் தனிச் சொம்பில் கறந்து அளந்தேன், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டரை லிட்டர் வரவேண்டிய காம்பு அது. மற்ற மூன்றும் பாலைக் கொஞ்சம் கூட்டி ஈடுகட்டும், முழுவதும் அல்ல. சிக்கல் வேறு இடத்தில். கறப்பதை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடும் என்று உறுதியில்லை. காம்பை ஒரேயடியாக மூட மருந்து செலுத்தும் முறை உண்டு, அதை டாக்டர்தான் செய்ய வேண்டும். ஊரில் சிலர் காம்பில் ரப்பர் பேண்ட் இறுக்கிக் கட்டுகிறார்கள். காம்பே அழுகிப்போகும், செய்யாதீர்கள்.

கற்றாழை மருந்து. இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் அளவோடு வகுத்துக் கொடுத்து, தேசிய பால்வள வாரியம் பல மாநிலங்களில் பரப்பிவரும் முறை இது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்துச் சிவக்க அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து, பாலைச் சுத்தமாகப் பீச்சிவிட்டு மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். கூடவே எலுமிச்சம்பழம் நறுக்கித் தின்னக் கொடுப்பார்கள். பால் வீணாகாது, காத்திருப்பு நாள் இல்லை, எல்லாம் வீட்டிலேயே இருக்கும். வீக்கம் தொடங்கிய அன்றே பூச ஆரம்பித்தால் வலியும் சூடும் இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பத்து முறை என்பதைத்தான் பலர் இரண்டு முறையாக்கிவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் சுவர் எழுப்பி உட்கார்ந்துவிட்ட ஆரியஸை மேல்பூச்சு மட்டுமே வெளியேற்றும் என்று நான் நம்பவில்லை. வீக்கத்துக்கு இது, கிருமிக்கு வேறு என்று பிரித்துக்கொண்டேன்.

சந்தை. துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் பேசும் விலையில் மடியின் கதை முழுவதும் இருக்கும். நான்கைந்து ஈத்து தாண்டி, இரண்டு மூன்று காம்பில் ஆரியஸ் இருந்து, மருந்துக்கும் மசியாத மாட்டைக் கொட்டகையில் வைத்திருப்பது மற்ற மாடுகளுக்கு நாமே தொற்று ஊட்டுவதுதான். அந்த மாடு போகத்தான் வேண்டும். ஆனால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கறவைக்கு வாங்க வந்த இன்னொரு சம்சாரியிடம் ‘நல்ல மாடு’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கொட்டகையிலும் நான்கு மாடு இருக்கும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: விற்ற காசில் அதே சந்தையில் வாங்கி வரும் மாட்டின் மடியில் என்ன இருக்கிறது? தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்கி வந்தவர்கள் உண்டு. வாங்கும் முன் நான்கு காம்பையும் தனித்தனியாகக் கறந்து பாருங்கள். துணி சோப்புத்தூளைக் கரைத்து, பாலோடு சம அளவு கலந்து தட்டில் சுற்றினால், கெட்ட காம்பின் பால் கொழகொழவென்று திரளும். பாலில் இருக்கும் வெள்ளணுக்கள் உடைந்து திரளுவதால் அப்படி ஆகிறது.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். வெளிநாடுகளில் இருக்கிறது. தொற்றைக் குறைக்கும், நிறுத்தாது. அதை நம்பி மற்றதை விட முடியாது.

இந்த வழிகளில் எதுவும் தனியாக நிற்காது, ஒப்பிட்டு முடிவெடுக்க அவசரமும் இல்லை. ஆனால் ஈன்ற சில நாளில் மடி சில்லென்று ஆகி, நீலம் பாய்ந்து, மாடு படுத்துவிட்டால் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரம் கிடையாது. அழுகல் மடிநோய்க்கும் இதே ஆரியஸ் ஒரு காரணம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கை

எந்த வழியை எடுத்தாலும் கறக்கும் கை மாறாவிட்டால் எல்லாம் வீண். ஆரியஸ் சாணியிலிருந்து வருவதைவிட மாட்டிலிருந்து மாட்டுக்குக் கறவை நேரத்தில்தான் தாவுகிறது. கை, மடி துடைக்கும் துணி, மெஷின் என்றால் அதன் ரப்பர். எங்கள் பக்கம் ஒரு கறவைக்காரர் காலையில் வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு பதினைந்து மாடு கறப்பார். விரலைப் பால் நுரையில் தொட்டு ஈரமாக்கிக்கொள்வார், கட்டை விரலை மடக்கி இழுப்பார். நுரை தொட்ட விரல் கிருமியைக் கொண்டுபோகும், மடக்கிய விரல் காம்பின் உள்தோலைக் காயப்படுத்தி அதற்கு வீடு கட்டிக் கொடுக்கும். குறை அவருடையது மட்டும் அல்ல. பதினைந்து மாட்டை ஏழு மணி வண்டிக்குள் முடிக்கச் சொல்கிறவர்கள் நாம்.

எனவே வரிசை வேண்டும். சுத்தமான மாடுகள் முதலில், சந்தேகம் உள்ளது அடுத்து, ஆரியஸ் மாடு கடைசி. மாட்டுக்கு ஒரு துணி. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் மருந்தில் முக்குவது. ஐந்து அம்சத் திட்டத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முக்கிய பிறகு மாடு படுத்துவிடாமல் அரைமணி நேரத்துக்குத் தீனி போட்டு நிற்க வைத்தால் காம்புத் துளை மூட அவகாசம் கிடைக்கும். நோய்க் காம்பைக் கன்று ஊட்டிவிட்டு அடுத்த மாட்டில் போய் முட்டவும் விடக் கூடாது. அந்தக் காம்பின் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமே என்பதும் வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், அது ஏற்கெனவே விட்ட நஞ்சு கொதியிலும் அழியாது.

செவலைக்கு என்ன முடிவு? மூன்றாம் ஈத்து, ஒரு காம்பு, ஐந்து மாதச் சினை. இதே ஒரு காம்பு நோய் தலையீத்து மாட்டுக்குப் புதிதாக வந்திருந்தால் மறுபேச்சில்லாமல் எட்டு நாள் மருந்து போட்டிருப்பேன். ஆறாம் ஈத்தில் மூன்று காம்பு என்றால் அனுப்பியிருப்பேன். செவலை இரண்டுக்கும் நடுவில். ஏழு மாதச் சினை வரை கறப்பது, பின்வலது காம்பின் பாலைத் தனி வாளியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் குழியில் ஊற்றுவது, அப்புறம் நான்கு காம்பிலும் வற்று டியூப். தினம் ஒரு லிட்டர் என்றால் 60 நாளுக்கு 2,100 ரூபாய் நஷ்டம், டியூப் செலவு தனி. ஈன்ற பிறகும் கிருமி இருந்தால் அந்தக் காம்பு மூடப்படும். அதற்கு மேல் மருந்து இல்லை என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன். அப்போது பால் மடியைப் பார்த்தால் மனம் மாறும்.

மற்ற நான்கு மாடுகளையும் சோப்புத்தூளில் சோதித்தேன். மூன்று தெளிவு. கடைக்குட்டிக் கிடேரியின் ஒரு காம்பு மட்டும் லேசாகத் திரண்டது. அதன் மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறது.

கறவைக்காரர் கை இப்போது செவலையைத் தொடுவதில்லை. மற்றவற்றை அவர் கறந்து அடுத்த வீட்டுக்குப் போன பிறகு செவலையை நான் கறக்கிறேன். முழுக்கைக் கறவை பிடிபடப் பத்து நாள் ஆயிற்று. முதல் மூன்று நாளில் இரண்டு தடவை வாளி கவிழ்ந்தது. சொசைட்டி வண்டிக்குத் தாமதமாகிவிடுவதால் செவலையின் மூன்று காம்புப் பால் காலையில் டீக்கடைக்குப் போகிறது. கடைக்காரர் லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கொடுக்கிறார்.